பிரிக்காத பெட்டி

இறக்குமதி செய்த சரக்கைப் பயன்படுத்தாமல் திருப்பி அனுப்பினால், கட்டிய சுங்க வரி திரும்பக் கிடைக்கும். அதற்கென்று இருந்த மேசைக்கு அதிகாரி மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. வருகிறவர்களெல்லாம் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரியே வருவார்கள்.

இந்த ஆள் மட்டும் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, "மெதுவாப் பாருங்க சார்," என்றார்.

"ஏன் திருப்பி அனுப்பறீங்க? மெஷின்ல கோளாறா?"

"நல்ல மெஷின்தான். தேவைப்படல."

"ஒருநாள் ஓட்டியிருந்தாக்கூட முழுசா வராது. வீட்டுல யாரும் போட்டுப் பார்க்கலையா?"

"பெட்டியையே பிரிக்கல சார்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கதையை எத்தனை பேர் வாயால் கேட்டாயிற்று!

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. என்ன சாட்சி?"

"டேப்பைப் பாருங்க."

பெட்டியைத் திருப்பினார். சுங்கக் கிடங்கில் சோதனை முடிந்ததும் ஒட்டுகிற டேப், கிழியாமல் இருந்தது. அதன் குறுக்கே ஒரு கையெழுத்து. அதிகாரியுடையதேதான். போன மாதம் வரை அந்தக் கிடங்கில்தான் இருந்தார்.

தினமும் கிடங்கு வாசலில் வந்து நின்ற ஒரு குரல் நினைவுக்கு வந்தது. 'கொஞ்சம் அவசரம் சார். பொண்ணுக்கு மூச்சு மெஷின்.'

'எல்லாருக்கும் அவசரம்தான். உங்க முறை வரட்டும்' என்று தினமும் திருப்பி அனுப்பியதும் நினைவுக்கு வந்தது.

அதிகாரி பேனாவை எடுத்தார்.

"இன்னிக்கே முடிச்சுக் கொடுத்துடறேன்," என்றார்.

"இப்ப அவசரமில்ல சார்."