காது கேளாதவர் வீட்டு வரி

"இடி விழுந்தாலும் இவருக்குக் கேக்காது ஐயா. சும்மா தொண்டைய நோகடிக்காதீங்க" என்றாள் ஸஹாப்தீனின் மனைவி மர்லியா, உள்ளறைக் கதவு மறைவில் நின்றபடி.

வரிக் கந்தோரிலிருந்து வந்திருந்த மர்சூக் அதை நம்பிவிடுகிற ஆளில்லை. வெள்ளைக்காரர்களின் பெரிய சண்டைக்குப் போய் ஊனப்பட்டு வந்தவர்களின் வீட்டுக்கு வரி கிடையாது என்று அறிவித்த நாளிலிருந்து, ரம்புக்கனைக் கடைத்தெருவில் நொண்டுகிறவர்கள் கூடிக்கொண்டே போவதைக் கண்டவர் அவர். பஸ்ராவில் குண்டு வெடித்துக் காது போனதென்று, மர்சூக் பெயரளவில் மட்டும் அறிந்த ஸஹாப்தீனும் ஆறு வருஷமாக வரி கட்டவில்லை. அந்தக் காது இப்போது பாம்புச் செவி என்று யாரோ ஒரு புண்ணியவான் மொட்டைப் பெட்டிசம் போட்டிருந்தான்.

"பொய்யின்னு தெரிஞ்சா பழைய வரியெல்லாம் சேத்துக் கட்டணும் ராத்தா. இல்லாட்டி தம்பட்டம் அடிச்சு வீட்டை ஏலத்துல விட்டுடுவாங்க."

இந்த ஓட்டு வீட்டை விட்டால் மர்லியாவுக்குப் போக்கிடம் இல்லை.

சாய்மனைக் கதிரையில் கிடந்த மனிதரோ, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு நிம்மதியாக வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

மர்சூக் அவருக்குப் பின்னால் போய்ப் வெற்றிலை துப்பும் பித்தளைப் படிக்கத்தைக் காலால் தட்டிவிட்டார். அது கடகடவென்று வாசல்வரை உருண்டது. மனிதர் அசையவில்லை. அடுத்து காதருகே குனிந்து, "டேய் கழுதை" என்றார். மனிதர் சுண்ணாம்பைத் தேடினார்.

"போதுமா ஐயா?"

"அவசரப்படாதீங்க ராத்தா. கொஞ்ச நேரம் இருந்து பாப்பம்."

மர்சூக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் பள்ளிவாசல். லுஹர் தொழுகை நேரத்துக்குச் சற்று முன்னால் வந்து சேர வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் அவர் புறப்பட்டு வந்ததே.

தொழுகைக்கு அழைக்கும் வாங்கு ஒலித்தது.

ஏதோ சொல்ல வாயெடுத்த மர்சூக் அப்படியே அடங்கிவிட்டார். மர்லியாவின் கை முக்காட்டை இழுத்துவிட்டது, உதடுகள் தாமாக முணுமுணுத்தன. வாங்கு சொல்லும்போது பேச்சை நிறுத்துவது பிறந்ததிலிருந்து ஊறிய பழக்கம், யாரும் யோசித்துச் செய்வதில்லை. ஒத்திகை பார்த்தபோது இந்த வாங்கை மட்டும் அவள் நினைக்கவே இல்லை. போச்சு, வீடு போச்சு என்று சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

கதிரையில் கிடந்தவர் மட்டும் உரத்த குரலில், "இந்த மழைக்கு எவன் ரப்பர் மரத்துல பால் வெட்டப் போவான்" என்று தொடங்கினார். மழையைத் திட்டினார், அட்டையைத் திட்டினார், வாங்கு முடியும்வரை வாயை மூடவில்லை.

மர்சூக் அசந்துபோய் எழுந்தார்.

"படிக்கம் உருண்டா அசையாம இருக்கலாம். ஏசினாலும் பொறுத்துக்கலாம். ஆனா வாங்கு சொல்ற நேரம் இப்படி வாயடிக்க நம்ம ஆளு ஒருத்தனால நடிச்சும் ஏலாது ராத்தா. பாவம், இவருக்கு உண்மையாவே கேக்கல்ல. இனி இந்த வீட்டுக்கு வரி இல்ல. இவர் மௌத்தானாலும் உங்க ஆயுசு வரைக்கும் கேக்க மாட்டாங்க. நான் வாறேன், எதிர்ப் பள்ளியில தொழுதுட்டுப் போகணும்."

அவர் படலையைத் தாண்டினாரோ இல்லையோ, கதிரையில் கிடந்தவர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். பஸ்ராவில் ஸஹாப்தீனோடு ஒன்றாக வண்டியோட்டிய கூட்டாளி, அரநாயக்கத் தோட்டத்து வேலுசாமி.

"லயத்துக் காம்பராவுல கெடக்குற எனக்கு வீடுமில்ல, வரியுமில்ல. கூட்டாளி வீடாவது தப்பிச்சுதே தங்கச்சி" என்று சிரித்தார் வேலுசாமி. "சமையக்கட்டுல ஒளிஞ்சிருக்கிறவர வெளிய வரச் சொல்லுங்க."

மர்லியா உள்ளே எட்டிப் பார்த்தாள். பின்கதவு விரியத் திறந்து கிடந்தது.

"அவர் எங்க இங்க இரிக்கிறார்?" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். "வாங்கு கேட்டதும் எதிர்ப் பள்ளிக்குத் தொழப் போயிட்டார்."