திருகாணி

"எல்லாரும் குதிக்கிறாங்க, நீங்க மட்டும் ஏன்க்கா பிடிச்சு வெச்ச பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?" என்று பாராசூட் பிரிவுக்காரன் அவள் தோளை உலுக்கினான்.

"சக்கரம் இன்னும் உருளலையேப்பா" என்றாள் அவள்.

வேற்றுக் கிரகத்தில் ரோவர் பூப்போல இறங்கியிருந்தது. கட்டுப்பாட்டு அறையே அமர்க்களப்பட்டது. கைதட்டாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் தலைமைப் பொறியாளர். 'சிடுமூஞ்சி' என்று பெயர் வாங்கிய அந்த மனுஷர் கைதட்டியிருந்தால்தான் அதிசயம். இன்னொருத்தி, சக்கரங்களைப் பூட்டிய இவள்.

ஒரு வருடமாக இவளை ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்தது ஒரு தோட்டுத் திருகாணி. ரோவரைப் பூட்டும் கூடத்துக்குள் தூசிகூட நுழையக் கூடாது. நகை போட்டுப் போவது பெருங்குற்றம். சக்கரப் பெட்டியை மூடிய அன்று, அவசரத்தில் தோட்டைக் கழற்ற மறந்து, அதன்மேலேயே தலையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் இடது தோட்டில் திருகாணியைக் காணோம்.

சொன்னால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். பிரித்தால் ஏவும் நாள் தவறும். அடுத்த வாய்ப்புக்கு இரண்டு வருடம் காத்துக் கிடக்க வேண்டும். அவள் வேலையும் போகும். அன்று மூடிய வாயைக் கணவனிடம்கூடத் திறக்கவில்லை. பற்சக்கர இடுக்கில் அது சிக்கிக்கொண்டு நிற்பதாகக் கனவு வராத நாளில்லை.

மறுநாள் காலை, 'நகரு' என்று கட்டளை அனுப்பினார்கள். அது போய்ச் சேர்ந்து பதில் திரும்ப அரை மணி நேரம். அத்தனை நேரமும் அவள் இடது காதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

படம் வந்தது. செம்மண்ணில் புத்தம்புதுச் சக்கரத் தடங்கள், ஒரு வண்டி நீளத்துக்கு. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். இதை நேற்றே அழுதிருந்தால் கூட்டத்தோடு கூட்டமாகப் போயிருக்குமே என்று பாராசூட்காரன் கிண்டலடித்தான்.

சற்று நேரத்தில் தலைமைப் பொறியாளர் அவளைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே அவள் திருகாணி.

"சக்கரப் பெட்டியை மூடின அன்னைக்குக் கூடத்தைப் பூட்டறப்ப தரையில கிடந்துச்சு. யாரோடதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. இறங்கினப்ப கைதட்டாம, காதைத் தடவிக்கிட்டே காத்திருந்து, உருண்டப்ப அழுதது நீ ஒருத்திதான்."

ஒரு வருடப் பயமும் சும்மா. அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அப்பவே கேட்டிருக்கலாமே சார்."

"கேட்டா விஷயம் வெளிய வரும், ரோவரைப் பிரிக்கச் சொல்லுவாங்க. நானும் வாயை மூடிக்கிட்டேன்" என்றவர் திருகாணியை அவள் பக்கம் நகர்த்தினார். "ஆனா திருகாணி ஜோடியாத்தானேம்மா இருக்கும்? இன்னொண்ணு உள்ள கிடக்குதோன்னு ஒரு வருஷமா எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல. நீ தொலைச்சது ஒண்ணுதானே?"

"ஒண்ணே ஒண்ணுதான் சார்."

சிடுமூஞ்சி அப்படியே நாற்காலியில் சாய்ந்து, ஒரு நாள் தாமதமாகக் கைதட்டத் தொடங்கினார்.