திரும்பி வந்த டப்பா

அரசாங்கக் காட்டில் சும்மா கூடாரம் போடலாம் என்றதும் அது தன் சொந்த வீட்டு வளவென்று கஜனியின் பெரியம்மா மகன் கரிகாலனுக்கு நினைப்பு. பாரிஸ் லாச்சப்பல் கடைத்தெருவிலிருந்து தூக்கி வந்த ஸ்பீக்கரைப் பின்னேரம் முழுக்க அலறவிட்டான்.

"குறையுங்கோ அண்ணை. பக்கத்துக் கூடாரத்திலை ஆள் இருக்குது."

"காடு என்ன அவையின்ரையே?"

கஜனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரும்போது லாச்சப்பலின் ரூ காய் தெருவில் வாங்கிய ரோல்ஸில் நாலை டப்பாவில் போட்டு, பக்கத்துக் கூடார வாசலில் மன்னிப்புக் கேட்டு நீட்டினாள். ஒரு கை வாங்கிக்கொண்டது.

காலையில் அந்தக் கூடாரம் இல்லை. அது நின்ற இடத்தில் இடுப்பளவுப் புல் மடங்காமல் நின்றது. டப்பா மட்டும் கழுவி, இவர்களின் கூடார வாசலுக்குத் திரும்பி வந்திருந்தது. வெறும் டப்பாவாகக் கொடுக்கக்கூடாதென்று அதில் கொஞ்சம் சீனியும் இருந்தது.

"இப்ப ஒருத்தரும் இல்லைத்தானே?" கரிகாலன் பாட்டைப் போட்டான்.

"நிப்பாட்டுங்கோ" என்றாள் கஜனி. அவன் இன்னும் கூட்டினான்.

புல்லுக்குள் ஒரு கூடாரத்தின் ஸிப் மெதுவாகத் திறக்கும் சத்தம் கேட்டது.