கழுகுக்கண்ணை முந்திய காலை

"போய்ப் படுங்க. ராத்திரி முழுக்க மொட்டை மாடியில டெலஸ்கோப்போட நின்னுட்டு, இப்ப கம்ப்யூட்டர் வேறயா?" அறை வாசலிலேயே நின்று அதட்டினாள் மனைவி.

"இன்னிக்குத் தூங்கவே மாட்டேன்! இங்க வா, இந்தப் புள்ளி தெரியுதா?"

பல் மருத்துவர் திரையில் விரலை வைத்துக் காட்டினார். ராத்திரி எடுத்த படத்தில், எங்கேயோ கிடக்கும் ஒரு கேலக்ஸியின் ஓரத்தில் பொட்டு வைத்தாற்போல ஒரு வெளிச்சம். போன வாரம் எடுத்த படத்தில் அது இல்லை.

"கேமராக் கோளாறா இருக்கும்."

"இருபது படத்துலயும் இருக்கே!"

"வழியில போற விண்கல்லு ஏதாவது?"

"மூணு மணி நேரமா நூலளவுகூட நகரலை. நட்சத்திரம் வெடிச்சிருக்குடி!"

"சரி, வழக்கம்போலப் படத்தை நல்லா சுத்தம் பண்ணி சாயங்காலம் அனுப்புங்க. அப்படி என்ன அவசரம்?"

"அப்படிப் பண்ணித்தானே மூணு தடவை கோட்டை விட்டேன்! நான் தூங்கி எழுந்து, படத்துக்குப் பவுடர் பூசி முடிக்கிறதுக்குள்ள அந்தக் கழுகுக்கண் முந்திக்கிறான்!"

கழுகுக்கண் என்பது வானம் பார்ப்பவர்களின் இணையதளத்தில் யாரோ வைத்துக்கொண்ட புனைபெயர். முதலில் தகவல் அனுப்புகிறவருக்கே கண்டுபிடித்த பெருமை என்பது அங்கே விதி. மூன்று முறையும் இவர் கண்ட அதே புள்ளியை அவன் காலையிலேயே அனுப்பியிருந்தான். நினைத்தாலே மருத்துவருக்கு வயிறு எரியும்.

"பல்லாவது தேய்ச்சிட்டு வாங்களேன். பல் டாக்டருக்கு இதையும் நான் சொல்லணுமா?"

"பல்லு எங்கயும் ஓடிப் போகாது!"

சுத்தம் செய்யாத படத்தையே அனுப்பிவிட்டு, நகத்தைக் கடித்தபடி திரையையே பார்த்தார். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது: 'முதல் தகவல் உங்களுடையதே. வாழ்த்துகள்!'

"ஜெயிச்சுட்டேன்! கழுகுக்கண் மண்ணைக் கவ்விட்டான்!" நாற்காலி பின்னால் சாயத் துள்ளி எழுந்தார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை அவர் அனுபவித்ததில்லை. சூட்டோடு சூடாகக் கழுகுக்கண்ணுக்கு ஒரு செய்தியும் தட்டிவிட்டார்: 'என்ன தம்பி, இன்னிக்கு அசந்து தூங்கிட்டியா?'

மனைவியின் கையிலிருந்த செல்போன் 'டிங்' என்றது.

அவள் அதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"நான் எங்க தூங்கினேன்? நீங்க தூங்கினாத்தானே உங்க படத்தை நான் திறந்து பார்க்க முடியும்! போகட்டும், இப்பவும் மூணுக்கு ஒண்ணுதான்."