புழுதியில் விழும் சொல்

நேமத்தான்பட்டிச் சாலையோரம் பேருந்துக்காக நிற்கிறேன். சாலையை ஒட்டிய காய்ந்த வயலில், இனி வரப்போகும் மழையை நம்பிப் புழுதியிலேயே நெல் விதைத்துக்கொண்டிருக்கிறார் சேவுகன். அவர் மனைவி வீரலட்சுமி வரப்பில் உட்கார்ந்து, நான் கொடுத்த தினசரியையும் வாரப் பத்திரிகையையும் எழுத்துக்கூட்டி உரக்கப் படிக்கிறாள். “மந்திரி மீது கேள்வி மழை.” மழை என்றதும் அவர் கை நிற்கிறது; வானத்தைப் பார்க்கிறார். “புதுப்படத்துக்கு வசூல் மழை. நடிகைக்குப் பாராட்டு மழை.” ஒவ்வொரு தடவையும் அந்தத் தலை நிமிர்கிறது. வெளுத்த வெயிலில் ஒரு மேகமும் இல்லை. “வியட்நாமில் குண்டு மழை.” “அது மட்டும் இங்குட்டு வர வேணாம்” என்கிறார். “எல்லாத்துக்கும் நம்ம மழை பேரையில்ல எரவல் வாங்கியிருக்காக! மழைக்குன்னு ஏதாச்சும் மிச்சம் வச்சிருக்காகளா, பாரு.” அவள் தாளைப் புரட்டி ஒரு மூலையில் விரலை வைக்கிறாள். “வறண்ட வானிலை நீடிக்கும்.” அவர் சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே இடுப்பில் இடுக்கிய விதைப்பெட்டியிலிருந்து கை நிறைய அள்ளி வீசுகிறார். வெயிலில் பொன்னாய்ச் சிதறி, சடசடவென்று புழுதியில் இறங்குகிறது நெல். பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கும், அதைச் சொல்ல அந்த ஒரே சொல்தான் வருகிறது.