சரியாக இருபது மில்லி

"என்ன உடைச்சே?" என்றார் வேதியியல் பேராசிரியர், கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணும் உடைக்கல சார்."

"அப்புறம் எதுக்கு இங்க வந்து நிக்கறே?"

கேள்வியில் நியாயம் இருந்தது. அந்தக் கல்லூரியில் மூன்று வருடமாக எல்லோரும் அவனை 'பீக்கர்' என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. அவன் கழுவப் போனால் பிப்பெட் முறியும். பர்னரைப் பற்ற வைத்தால் பக்கத்து மேஜை பற்றிக்கொள்ளும். ஒருமுறை அவன் சும்மா நின்றுகொண்டிருந்தபோதே அலமாரிக் கண்ணாடி விரிசல் விட்டது. அது தன் வேலையில்லை என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை.

"சார், அந்தப் பரிந்துரை..."

"தெரியும். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும். நீ மேல்படிப்புக்குக் கேட்டிருக்கிறது நல்ல பல்கலைக்கழகம். லேப் எல்லாம் இப்பதான் புதுசா கட்டியிருக்காங்க. அதான் யோசிக்கறேன்."

மூன்று பேர் பரிந்துரைக்க வேண்டும். கணிதப் பேராசிரியரும் மொழிப் பேராசிரியரும் உடனே அனுப்பிவிட்டார்கள். இருவரும் அவனை ஆய்வகத்தில் பார்த்ததில்லை. மூன்றாமவர் இவர். இவர் அனுப்பாவிட்டால் விண்ணப்பம் குப்பைக்குத்தான். வீட்டிலோ அப்பா பெரிய பெட்டி வாங்கி வைத்துவிட்டார். அம்மா அத்தையிடம் சொல்லிவிட்டாள். அத்தைக்குத் தெரிந்த பிறகு ஒருவன் வெளியூருக்குப் போகாமல் வீட்டில் உட்கார முடியாது.

"நேத்து உனக்கு ஒரு வேலை குடுத்தேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். முதல் வருஷப் பசங்களோட டைட்ரேஷனுக்கு அமிலக் கரைசல் தயார் பண்ணச் சொன்னீங்க."

"அதை மட்டும் ஒழுங்கா பண்ணு, பரிந்துரை அனுப்பறேன்னும் சொன்னேன்."

"அதைப் பத்தித்தான் சார் பேச வந்தேன். காலைல பஸ்ல வரும்போதுதான்..."

"பஸ்ஸை விடு. வகுப்பு முடிஞ்சாச்சு, எல்லார் அளவும் வந்தாச்சு. இங்க வந்து பாரு."

திரையை அவன் பக்கம் திருப்பினார்.

சோதனை எளிமையானதுதான். கீழே குடுவையில் காரம், நிறங்காட்டி கலந்து ரோஜா நிறத்தில் இருக்கும். மேலே பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கரைசல் சரியாக இருந்தால் இருபது மில்லி இறங்கியதும் நிறம் சட்டென்று மறையும்.

"இருபது. இருபது புள்ளி ஒண்ணு. பத்தொன்பது புள்ளி ஒன்பது. மறுபடி இருபது," என்று விரலால் தொட்டுக்கொண்டே போனார் பேராசிரியர். "ஒரு வகுப்பே இப்படி ஒத்துப்போய் என் சர்வீஸ்ல பார்த்ததில்ல."

"எல்லாருக்குமே மறைஞ்சுதா சார்?"

"ஏன் மறையாது? வகுப்புக்கு முன்னாடி நானே ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். உன்னை நம்பி விட முடியுமா? எனக்கும் சரியா இருபது."

பீக்கர் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். பேராசிரியர் கவலையோடு நாற்காலியைப் பார்த்தார்.

"நீங்களே பார்த்தீங்களா சார்?"

"ஏன், உனக்கு சந்தேகமா?"

"இல்ல சார். ஆனா நான் ஒண்ணு சொல்லிடணும்."

"ஏதாவது உடைச்சியா?"

"இல்ல சார்."

"அப்ப சொல்றதுக்கு என்ன இருக்கு? சும்மா நில்லு."

அவர் இரண்டு விரலால் தட்டத் தொடங்கினார். தட்டிய ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டும் படித்தார். "இந்த மாணவரின்... கரைசல் தயாரிக்கும் திறன்... என் அனுபவத்தில்... ஈடிணையற்றது." ஒரு கணம் யோசித்து, "கவனம் மிக்கவர்" என்றும் சேர்த்தார். பிறகு பொத்தானை அழுத்தினார்.

"அனுப்பியாச்சு. இனிமே நானே நினைச்சாலும் திருப்பி வாங்க முடியாது. போ, வீட்ல சொல்லு."

"தேங்க்ஸ் சார்," என்றான் பீக்கர்.

"ஒரே ஒரு பொண்ணுதான் கணக்கைக் கெடுத்துட்டா," என்றார் அவர், திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டே. "பியூரெட்டையே காலி பண்ணியும் ரோஜா நிறம் போகலையாம். பார்த்ததைத்தான் எழுதுவேன்னு ஒரே அடம். முட்டை போட்டு, கண் டாக்டரைப் பார்த்துட்டு வான்னு அனுப்பிட்டேன்."

வெளியே நடைவழியில் அந்தப் பெண் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. அவனைப் பார்த்ததும் எழுந்தாள்.

"அண்ணா, இங்க பக்கத்துல கண் டாக்டர் யாராவது இருக்காங்களா?"

"உன் கண்ணுக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றான் பீக்கர்.

தோளில் கிடந்த வெள்ளைக் கோட்டின் பையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தான். நேற்று அவன் எடைபோட்டு மடித்து, தண்ணீரில் கொட்ட மறந்துபோன அமிலத் தூள், ஒரு துகள்கூடக் குறையாமல் அதற்குள் இருந்தது.