வாண்டு தூங்குகிறாள்

மாலை ஆறே காலுக்கு அண்ணி வேலை முடிந்து வந்தாள். தையல் கடை டேப் இன்னும் கழுத்தில் தொங்கியது. களைத்துப்போனால் அவளுக்குக் குரல் மூக்கு வழியாக வரும்.

"இந்த வீட்ல எனக்கு மட்டும் பத்துக் கையா?"

கொழுந்தன் துவைத்த துணிகளைச் சோபாவிலிருந்து அவசரமாக அள்ளினான். கல்யாண வீடுகளில் போட்டோ எடுப்பவன். பின் அறையின் தலையெழுத்து இன்றைக்குத் தெரிந்துவிடும்.

அண்ணன் மகள் வாண்டு ஒன்றாம் வகுப்பு. பாடப் புத்தகத்தைத் தொடமாட்டாள். அதில் வரும் ஆட்டோடு அவளுக்குப் பழக்கமில்லையாம்.

அவளையே படமெடுத்துப் புத்தகம் போட்டால் ஒரே மாதத்தில் படிப்பாள் என்று அவன் அண்ணியிடம் வாயைக் கொடுத்திருந்தான். படித்தால் பின் அறை அவனுக்கு ஸ்டுடியோ. இல்லையென்றால் அண்ணியின் தையல் மெஷின் அங்கே குடிபோகும்.

பக்கத்துக்கு ஒரு படம். அடியில் ஒரு வரி.

வாண்டு விரல் வைத்துப் படித்தாள். வாண்டு பல் தேய்க்கிறாள். வாண்டு செருப்பைத் தேடுகிறாள். வாண்டு பூனையைத் துரத்துகிறாள்.

அண்ணி லேசில் மசிகிறவள் இல்லை. படங்களை உள்ளங்கையால் மறைத்தாள். வாண்டு எழுத்தைப் பார்த்தே படித்தாள். அண்ணி பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிக் காட்டினாள். வாண்டு அதையும் படித்தாள்.

அவன் மனசுக்குள் பின் அறையில் லைட் மாட்டத் தொடங்கிவிட்டான்.

கடைசிப் பக்கம். நேற்றுத்தான் சேர்த்தது. அவன் எடுத்ததிலேயே நல்ல படம். சோபாவில் வாண்டு, கன்னத்தடியில் கை. ப்ளாஷ் அடித்தும் இமை அசையவில்லை.

வாண்டு படத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். புத்தகத்தை மூடினாள்.

"அவ்வளவுதான். முடிஞ்சிருச்சு."

"மாட்டிக்கிச்சா? மத்ததெல்லாம் உருப்போட்டது." அண்ணி டேப்பை உருவிக்கொண்டு பின் அறைப் பக்கம் நடந்தாள்.

அவன் வாண்டின் பக்கத்தில் குனிந்தான். "கண்ணு, ரெண்டே வார்த்தை. சித்தப்பாவுக்காகப் படிடா."

"படிக்கத் தெரியும். பொய் எழுதியிருக்கு."

அண்ணி நின்றாள். "என்ன பொய்?"

"'வாண்டு தூங்குகிறாள்'னு போட்டிருக்கு. நான் எங்க தூங்கினேன்?"

அண்ணி திரும்பி வந்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். எழுத்து தவறாமல் அதுதான் இருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டேப்பைச் சுருட்டினாள்.

"பொழச்சீங்க தம்பி. ரூம் உங்களுக்குத்தான்."

அவன் வாண்டுவைத் தலைக்குமேல் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். அவள் அங்கிருந்தே குனிந்து கேட்டாள்.

"சித்தப்பா, அன்னைக்கு அந்தப் படம் எடுத்து முடிச்சதும் போன்ல யாருக்கோ அம்மா மாதிரி மூக்காலயே பேசிக் காட்டினீங்களே, 'பத்துக் கையா'ன்னு, அதை அம்மாவுக்கும் ஒரு தடவை பண்ணிக் காட்டுங்களேன்?"